எஸ்.எம்.கே.யா, இயங்கலைப் பள்ளியா? தோட்டப்புறப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மாலை நேர டியூசன் நடத்துகிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை முடிக்கும் சமயத்தில், வகுப்பு விடும்வரை வாசலில் காத்திருந்து பெற்றோர் சிலர் கேட்பார்கள்: "சார், படிவம் ஒன்றுக்கு எஸ்.எம்.கே.வுக்கு அனுப்பணுமா, இல்ல வீட்டுலயே ஆன்லைன்ல போட்டுடலாமா?"

எஸ்.எம்.கே. என்பது அரசாங்கத்தின் தேசிய இடைநிலைப்பள்ளி; படிவம் ஒன்று அதன் முதல் வகுப்பு. கேட்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூத்தவன் இடைநிலைப்பள்ளியில் ஏதோ ஒரு கும்பலோடு சேர்ந்து படிப்பைக் கோட்டை விட்டிருப்பான். மகளுக்கு மலாய் தடுமாறும். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். தோட்டத்திலிருந்து பள்ளி வேன் பிடிக்க, விடியுமுன்னே எழுப்பியாக வேண்டும். இதற்கிடையே முகநூலில் ஒரு விளம்பரம் வருகிறது: வீட்டிலிருந்தே அனைத்துலகப் பாடத்திட்டம், சீருடை வேண்டாம், பகடிவதை கிடையாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பப்பள்ளி வயதுப் பிள்ளையை முழுநேர இயங்கலை (ஆன்லைன்) பள்ளியில் போட வேண்டாம். பதின்மூன்று வயதுக்கு மேல் யோசிக்கலாம், அதுவும் பகலில் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் மட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதையும், எந்தக் குடும்பத்துக்கு இது பொருந்தாது என்பதையும் கீழே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, காலை எட்டு மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரை வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்துக்கு, கிளம்பிவிடுகிறார்கள். டவுனில் தொழிற்சாலை வேலை என்றால் ஷிப்டு. பள்ளி என்பது பாடம் சொல்லிக்கொடுக்கும் இடம் மட்டுமா? அந்த ஐந்தாறு மணி நேரம் பிள்ளையை ஒரு பெரியவரின் கண்பார்வையில் வைத்திருக்கும் இடமும் அதுதான். இயங்கலைப் பள்ளி பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவரும். கண்காணிப்பை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டாவது, கடைசியில் கையில் வரும் சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கும் என்பது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேசன் படிப்பா, அரசாங்க வேலையா, தனியார் கல்லூரியா, தொழிற்கல்வியா? பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதைக் கேட்டால் பதில் வராது. ஆனால் பிள்ளைக்குப் பதில் தெரியும் வயதில் கதவு மூடியிருக்கக் கூடாது.

மூன்றாவது பணம். கட்டும் பணத்தோடு, பள்ளியை விட்டதால் கைவிட்டுப் போகும் பணத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். மொழி, நட்பு, வீட்டுக்கு வரும் இணையக் கோடு ஆகியவற்றை அந்தந்த இடத்தில் பார்ப்போம்.

## தமிழ்ப்பள்ளி, அதன்பின் எஸ்.எம்.கே.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2002இல் திருத்தப்பட்டு, 2003 முதல் ஆறாண்டு ஆரம்பக் கல்வி கட்டாயமானது. மலேசியக் குடிமகனான பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2025இல் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. ஆகவே "பள்ளியை நிறுத்திவிட்டு ஆன்லைனில் போட்டுவிட்டோம்" என்பது பெற்றோர் மட்டும் பேசி முடிக்கிற சமாச்சாரம் இல்லை. ஏழு வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிக்க விரும்பினால் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளியைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே கிடையாது. எல்பில், டோவன்பி, ஹீவுட், சங்காட் சாலாக் என்று நம் வட்டாரத்தின் தோட்டப் பெயர்களெல்லாம் தமிழ்ப்பள்ளிப் பெயர்களும்தான். டவுனில் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் முன்னின்று 1954இல் உருவாக்கிய மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது. 150 பேருக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறார்கள். பெற்றோர் அதைக் குறையாகப் பார்க்கிறார்கள். என் கண்ணுக்கு அது வசதி. வகுப்பில் பத்துப் பேர் இருந்தால், எந்தப் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்பது ஆசிரியைக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். திரையில் முப்பது சதுரங்களுக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கவனிப்பு கிடைக்குமா?

கைவிட்டுப் போகும் பணம் என்றேனே, அது இங்கேதான் இருக்கிறது. அரசாங்கப் பள்ளியில் படிக்கும்வரை பாடநூல் இரவலாகக் கிடைக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் 150 வெள்ளி உதவித்தொகை வருகிறது. வசதி குறைந்த ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணை உணவுத் திட்டத்தில் சாப்பாடு உண்டு. சிறப்புத் தேவையுள்ள பிள்ளை என்றால் மாதம் 150 வெள்ளி அலவன்ஸ் தனி. படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசாங்கத் தேர்வுக்குக் கட்டணம் இல்லை. பள்ளியை விட்டு வெளியேறினால் இவை எல்லாம் நின்றுவிடும். காலையில் பசியாறாமல் போகிற பிள்ளைக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கிடைக்கும் அந்தத் தட்டின் அருமை, ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

சிக்கல் எஸ்.எம்.கே.யில்தான் தொடங்குகிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆறு வருடம் தமிழில் அறிவியல் படித்த பிள்ளை திடீரென்று எல்லாவற்றையும் மலாயில் கேட்கிறது. மலாயில் எதிர்பார்த்த அடைவு இல்லாத பிள்ளைகள் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். அந்த ஓராண்டை வெட்கமாக நினைக்கிற பெற்றோர் அதிகம். அந்த ஆண்டில் மலாயைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் பிறகு வகுப்பில் சரளமாக வாய் திறப்பதை நான் பார்த்திருக்கிறேன். பகடிவதை, கும்பல், கழிப்பறைப் பின்னால் வேப் ஆகியவை உண்மையான பயங்கள். அவற்றைச் சும்மா சகித்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். கட்டொழுங்கு ஆசிரியரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள், வேறு எஸ்.எம்.கே.க்கு மாற்றம் கேளுங்கள். பள்ளியையே விடுவதற்கு முன் பள்ளி மாற்றத்தைக் கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

## முழுநேர இயங்கலைப் பள்ளி

பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் ஆங்கிலத்தில் நடந்து ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வில் முடிவது. மற்றொன்று தேசியப் பாடத்திட்டத்தில் நடந்து, பிள்ளையைத் தனியார் வேட்பாளராக எஸ்.பி.எம். எழுத வைப்பது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டியவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

மலாய்க்குப் பயந்து ஐ.ஜி.சி.எஸ்.இ. பக்கம் போகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு மலாய் எவ்வளவு தடுமாறுகிறதோ, முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் வரலாறும் உயிரியலும் அதைவிட அதிகமாகத் தடுமாறலாம். அப்புறம், மலாயிலிருந்து தப்பிக்கவும் முடியாது. அரசாங்க வேலைக்கு எஸ்.பி.எம். மலாயில் கிரெடிட் கேட்கிறார்கள். மெட்ரிகுலேசனுக்கு எஸ்.பி.எம். முடிவு வேண்டும். எஸ்.பி.எம். சான்றிதழ் வாங்க மலாயோடு வரலாறும் தேர்ச்சி பெற வேண்டும். 2013 முதல் அப்படித்தான். தனியார் கல்லூரிக்குப் போகப் போகிற, அதற்குப் பணமும் இருக்கிற குடும்பத்துக்கு ஐ.ஜி.சி.எஸ்.இ. நல்ல வழி. கல்விக் கடனையும் அரசாங்க இடத்தையும் நம்பியிருக்கிற குடும்பத்துக்கு அது சுற்றுவழி.

எஸ்.பி.எம். வகை இயங்கலைப் பள்ளியிலும் வெளியே தெரியாத இழப்பு ஒன்று உண்டு. எஸ்.பி.எம். முடித்து, அரசாங்க உயர்கல்விக்கூடச் சேர்க்கையைக் கவனிக்கும் யு.பி.யு. வழியாக இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, மதிப்பெண்ணில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. சாரணர் இயக்கம், கபடி, பேச்சுப்போட்டி என்று பள்ளியில் சேரும் அந்தப் பத்து, வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? அறிவியல் துறைக்குப் போக விரும்பினால் இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். அந்தச் செய்முறைப் பயிற்சியை எங்கே, யார் கொடுப்பார்கள் என்று பள்ளியிடம் கேளுங்கள்.

செலவைப் பார்ப்போம். மாதக் கட்டணம் சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போகிறது. 600 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே பிள்ளைக்குப் போய்விடும். விளம்பரத்தில் வராத செலவு இன்னும் இருக்கிறது: மடிக்கணினி, அது பழுதானால் ஈப்போவுக்கு எடுத்துக்கொண்டு போகும் அலைச்சல், பாடநூல், தேர்வுக் கட்டணம். ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கு ஒரு பாடத்துக்கே பல நூறு வெள்ளி ஆகும். பெரும்பாலான பள்ளிகளின் மாதக் கட்டணத்தில் இது சேராது.

இணையமும் அப்படித்தான். நேரலை வகுப்பு ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக ஒரு ஜிபி பிடிக்கும். நாளுக்கு நான்கு மணி நேரம், மாதம் இருபது நாள் என்றால் 80 ஜிபி. ஒரே திறன்பேசியில் ப்ரீபெய்டு போட்டு வீடே பகிர்ந்துகொள்ளும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகாது. செம்பனைக்கு நடுவே இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஃபைபர் கோடு பெரும்பாலும் வருவதில்லை. 2023இல் ஸ்டார்லிங்க் வந்தபின் சிக்னல் இல்லாத இடத்துக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது, ஆனால் அதற்கும் மாதாமாதம் கட்ட வேண்டும். பக்கத்தில் நாடி எனும் அரசாங்கச் சமூக இணைய மையம் இருந்தால் வீட்டுப்பாடத்துக்கு உதவும். தினமும் அங்கே உட்கார்ந்து வகுப்பை நடத்திவிட முடியாது.

ஆனால் பணத்தையும் இணையத்தையும் விட எனக்குக் கவலை தருவது வேறு. படிவம் இரண்டில் இயங்கலைக்கு மாறிய மாணவி ஒருத்தி கணக்குக்காக மட்டும் என்னிடம் வந்தாள். நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கங்களில் தேதி, தலைப்பு, அடியில் ஸ்கேல் வைத்துப் போட்ட சிவப்புக் கோடு, எல்லாம் அவ்வளவு சுத்தம். போகப்போகத் தலைப்பு மட்டும் இருந்தது, கீழே பக்கம் காலி. "டீச்சர் ஸ்லைடு மாத்திட்டாங்க சார், அப்புறம் ரெக்கார்டிங் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." அவள் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. வருகைப் பதிவில் பச்சை நிறம்தான். ஆனால் கேமராவை அணைத்துவிட்டு, அந்த நேரத்தில் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், அடுப்பில் உலை வைத்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன வீட்டில் பெண் பிள்ளை இருந்தால், யாரும் சொல்லாமலே வீட்டு வேலை அவள் தலையில் வந்து விழுகிறது. சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகும் பெண்ணிடம் காலை பத்து மணிக்கு யாரும் உலை வைக்கச் சொல்ல முடியாது. ஆண் பிள்ளைகள் கதை வேறு மாதிரி: ஒரு பக்கம் வகுப்பு, இன்னொரு பக்கம் கேம்ஸ், மதியத்துக்குள் மோட்டார் சைக்கிளில் வெளியே.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து இல்லிருப்புக் கற்றல் தொடங்கியபோது இதைத்தான் வீட்டுக்கு வீடு பார்த்தோம். பெரியவர் கூட உட்கார்ந்த பிள்ளைகள் தாக்குப்பிடித்தார்கள். மற்றவர்களில் பலருக்குப் பள்ளி திறந்தபின் வாய்ப்பாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

இயங்கலைப் பள்ளி நன்றாக நடந்த வீட்டையும் சொல்ல வேண்டும். அடிக்கடி மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஒரு பையன், பள்ளி நாட்களில் பாதியை இழந்துகொண்டிருந்தான். தாத்தா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மணிக்குப் பேரனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பாடம் அவருக்குப் புரியாது. ஆனால் பையன் எழுதுகிறானா இல்லையா என்பது புரியும். வகுப்பு முடிந்ததும் "இன்னிக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு" என்பார். பதிவு செய்த பாடத்தை மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் பார்க்க முடிந்தது அவனுக்குப் பெரிய உதவி. உடல்நலக் காரணம் உள்ள பிள்ளைகளுக்கு இயங்கலை உண்மையிலேயே கைகொடுக்கிறது. பல அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவமனைப் பள்ளியும் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்.எம்.கே.யில் போதுமான பிள்ளைகள் சேர்ந்து கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தலாம்; எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்கலாம். இயங்கலைப் பள்ளியில் தமிழ் இருக்கிறதா என்று நீங்களே கேட்காவிட்டால், அதைப் பற்றி யாரும் பேச்செடுக்க மாட்டார்கள். ஆறாம் ஆண்டோடு தமிழ் எழுத்து நின்றுபோவது எனக்கு மனத்தாங்கலான விஷயம்.

## பெற்றோரே வீட்டில் கற்பிப்பது

இது மிகக் குறைந்த வீடுகளுக்கே பொருந்தும். வேலைக்குப் போகாத, படித்த, பொறுமையுள்ள ஒரு பெற்றோர் வேண்டும். செலவு குறைவு, பிள்ளையின் வேகத்துக்குப் போகலாம். ஆரம்பப்பள்ளி வயதில் விலக்கு வாங்கும் வேலை இருக்கிறது. எஸ்.பி.எம்.முக்குத் தனியார் வேட்பாளராகப் பதிவு செய்யும் தேதியை நீங்களே கவனிக்க வேண்டும். நினைவூட்டப் பள்ளி அலுவலகம் கிடையாது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு இதைத் தேர்ந்தெடுக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் முதலில் பக்கத்துப் பள்ளிகளில் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

## பள்ளியும் வேண்டும், இயங்கலையும் வேண்டும்

நம் ஊருக்கு ஒத்துவருவது என்று நான் நினைப்பது இதுதான். பிள்ளை பகலில் எஸ்.எம்.கே.யில் இருக்கட்டும். எந்தப் பாடம் இழுக்கிறதோ அதற்கு மட்டும் இரவில் இயங்கலை டியூசன், வாரம் இரண்டு முறை. கூடுதல் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் நல்ல ஆசிரியரைத் தேடி முன்பு ஈப்போவுக்கு முப்பது கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. இப்போது கோலாலம்பூர் ஆசிரியரே திரையில் வருகிறார். மலாய்க் கட்டுரைக்கும் அப்படித்தான். முழுநேரக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு சிறியது, இணையமும் சில ஜிபியோடு முடியும், பெற்றோரும் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள்.

இதிலும் ஒரு தொல்லை: களைப்பு. விடியுமுன் எழுந்த பிள்ளையை இரவு ஒன்பதரைக்குத் திரை முன்னால் உட்கார வைத்தால் ஒன்றும் ஏறாது. இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். பள்ளி கொடுத்திருக்கும் டெலிமா (கல்வி அமைச்சின் இயங்கலைக் கற்றல் தளம்) கணக்கில் இலவசமாகவே பாடங்கள் இருக்கின்றன, பலர் அதன் கடவுச்சொல்லையே மறந்துவிட்டார்கள்.

| | எஸ்.எம்.கே. | முழுநேர இயங்கலை | வீட்டில் கற்பித்தல் | பள்ளி + இயங்கலை டியூசன் |
|---|---|---|---|---|
| பகலில் பெரியவர் | பள்ளியில் உண்டு | வீட்டில் கட்டாயம் வேண்டும் | முழுநேரமும் வேண்டும் | பள்ளியில் உண்டு |
| மாதச் செலவு | வேன், சில்லறைச் செலவு | பல நூறு வெள்ளி, அதற்கு மேலும் | புத்தகம், இணையம் | வேனோடு டியூசன் பணம் |
| அரசாங்க உதவிகள் | தொடரும் | நிற்கும் | நிற்கும் | தொடரும் |
| எஸ்.பி.எம். கட்டணம் | இல்லை | உண்டு | உண்டு | இல்லை |
| புறப்பாடப் புள்ளி | கிடைக்கும் | சிரமம் | சிரமம் | கிடைக்கும் |
| பெரிய ஆபத்து | பகடிவதை, கும்பல் | பேருக்கு வருகை, பாதியில் நின்றுபோவது | தனிமை | களைப்பு |

## யாருக்கு எது

இரண்டு பெற்றோரும் வேலைக்குப் போகிறீர்கள், வீட்டில் தாத்தா பாட்டியும் இல்லை என்றால் முழுநேர இயங்கலைப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பள்ளியோடு டியூசனைப் பாருங்கள். நீண்டகால நோய், பள்ளி மாற்றியும் தீராத பகடிவதை, வேலை காரணமாக அடிக்கடி ஊர் மாறும் குடும்பம், இந்த மூன்றில் ஒன்று இருந்து, பகலில் ஒரு பெரியவரும் இருந்தால் முழுநேர இயங்கலை சரியான தேர்வு. அப்போதும் எஸ்.பி.எம். வகையையே முதலில் பாருங்கள்.

பாடப்புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற, கையால் செய்யும் வேலையில் சுட்டியாக இருக்கும் பிள்ளை என்றால், இந்த நான்கும் பொருந்தாமல் போகலாம். படிவம் மூன்று முடிந்தபின் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. மின்சாரம், பற்றவைப்பு, வாகனப் பழுதுபார்ப்பு என்று டிப்ளோமா வரை போகலாம். வகுப்பறையில் உட்கார மாட்டேன் என்கிற பையனைத் திரை முன்னால் உட்கார வைப்பதால் என்ன மாறிவிடும்?

பிறப்புப் பத்திரச் சிக்கல் உள்ள பிள்ளைகளை "பள்ளியில் எடுக்க மாட்டார்கள், ஆன்லைன் போதும்" என்று விட்டுவிடாதீர்கள். தாய் தந்தையில் ஒருவர் குடியுரிமை உள்ளவர் என்றால், இருக்கிற தாள்களை எடுத்துக்கொண்டு முதலில் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்.

## பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

இயங்கலைப் பள்ளி என்று முடிவு செய்துவிட்டால், அது கல்வி அமைச்சில் பதிவு பெற்றதா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். "டியூசன் மையமாகப் பதிவு பெற்றது" என்ற பதில் வந்தால் அது பள்ளி ஆகாது. எந்தத் தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள், எந்த மையத்தில் எழுத வைப்பார்கள், அங்கே போய்வரும் செலவு யாருடையது என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், நோட்டை யார் திருத்துகிறார்கள், கேமராவைத் திறந்து வைப்பது கட்டாயமா என்பதையும் கேளுங்கள். ஒரு வாரம் இலவசமாக உட்கார விடுவார்களா என்று கேட்டு, அந்த வாரத்தில் ஒரு நாள் நீங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் கழிவு தருவதாகச் சொல்வார்கள், மாதாமாதம் கட்டுங்கள்.

பாதியில் நிறுத்தினால் முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எஸ்.எம்.கே.யிலிருந்து விலகும் முன், பிள்ளை திரும்ப வர வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று கோலகங்சார் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காலி இடம் இருந்தால்தான் அதே பள்ளியில் கிடைக்கும், விட்ட மாதங்களின் மதிப்பீடும் இருக்காது. விலகல் கடிதத்தின் நகலையும் கடைசித் தேர்ச்சி அறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள். திரும்பிச் சேரும் நாளில் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.